முப்பதுக்குப் பத்தொன்பது

ராசப்பனுக்கு ஞாபக மறதி என்று மைக்கில் அறிவித்த கூட்டத்தைக் கூட்டியவர் ராசப்பனேதான். அழைப்பிதழ் அச்சடித்தது அவர். மைக் செட்டுக்காரனிடம் பேசி வைத்தது அவர். முன்வரிசைக்குச் சிவப்பு நாற்காலி, பின்வரிசைக்கு வெள்ளை நாற்காலி என்று தரம் பிரித்துப் போட்டதும் அவர். அறிவிப்பு வந்ததும் முதலில் கைதட்டியதும் அவர்தான். இடது காது சரியாகக் கேட்காததால் வேறு யார் பெயரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அறுபத்தெட்டு வயது. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பருத்தி எடுத்த குடும்பத்தில் பிறந்து, தாலுகா ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்து நான்கு வருடம் கழித்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் ஏழையைக் காப்பாற்றுவது விதி ஒன்றுதான் என்பது அவர் கட்சி. அதில் நியாயமும் இருந்தது. விதி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அவரும் தன் அப்பாவைப் போலத் தோட்டத்து வாசலோடு நின்றிருப்பார். அதனால் ஓய்வு பெற்று பெரியநாயக்கன்பாளையத்தில் வீடு கட்டிக் குடிவந்ததும், பொன்வயல் நகர் மூத்தோர் முன்னேற்ற மன்றத்துக்குச் செயலாளராகி, நாற்பத்திரண்டு விதிகள் எழுதினார். மூத்தோர் எங்கே முன்னேற வேண்டும் என்பதை மட்டும் எந்த விதியும் சொல்லவில்லை.

அந்த மன்றத்துக்குத்தான் ஜூலை மாதம் நினைவொளி இயக்கம் வந்தது. இயக்கத்தின் நிறுவனர் முனைவர் பங்காரு. எதில் முனைவர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். ராசப்பனுக்கு அது போதுமாக இருந்தது.

பங்காரு பேசினார். "அறுபது தாண்டினவங்க ரெண்டே வகைதாங்க. மறதி நோய் கண்டுபிடிக்கப்பட்டவங்க, கண்டுபிடிக்கப்படாதவங்க. மூணாவது வகை ஒண்ணு இருக்குதுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க. அவங்களையும் நாங்க சோதிச்சுட்டுத்தான் இருக்கறோம். இந்த நோய்க்கு முழுக் குணம் கெடையாது. அதனாலதான் சீக்கிரம் கண்டுபிடிக்கோணும்!"

ராசப்பன் பலமாகத் தலையாட்டினார். பின்வரிசையிலிருந்து மைதீன் பிச்சை எழுந்தார். கோட்டைமேட்டில் முப்பது வருடம் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், மன்றத்தின் துணைச் செயலாளர், ராசப்பனோடு தினமும் காலையில் டீ குடிக்கிறவர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கேள்வி கேட்காமல் உட்கார மாட்டார் என்பது ஒன்றுதான் அவரிடம் ராசப்பனுக்குப் பிடிக்காதது.

"ஏனுங்க, கண்டுபிடிச்ச பொறவு என்ன செய்வீங்க?"

"அட்டை குடுப்போங்க. இருபத்து நாலுக்கு மேல மார்க் எடுத்தா பச்சை அட்டை. கொறஞ்சா மஞ்சள். நெம்பக் கொறஞ்சா சிவப்பு."

"அட்டை குடுத்த பொறவுங்க?"

"அடுத்த காலனிக்குப் போவோம்," என்றார் பங்காரு, பெருமையாக.

கைதட்டல் எழுந்தது. அதன் பிறகு பங்காரு சொன்ன ஒரு விஷயம்தான் ராசப்பனின் நெஞ்சில் போய்த் தைத்தது. உறுப்பினர் அத்தனை பேரும் சோதனைக்கு வந்து, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பச்சை அட்டை வாங்கும் மன்றத்துக்கு ‘நினைவுச் சுடர்’ கேடயம். முக்கால் ஆள் உயரம். பித்தளை.

அன்று சாயங்காலமே ராசப்பன் நாற்பத்து மூன்றாவது விதியை எழுதினார். இருபத்து நாலுக்குக் கீழே மார்க் எடுப்பவர் மன்றத்தில் எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது. பச்சை அட்டை வைத்திருக்கும் ‘நினைவுத் துணைவர்’ ஒருவர் கூட வராமல் மன்றத்துக்கோ, கடைகண்ணிக்கோ போகக் கூடாது. துணைவர் கையெழுத்து இல்லாமல் அவர் கொடுக்கும் எந்த மனுவும் செல்லாது. மறுசோதனை ஆறு மாதம் கழித்துத்தான். இதை எழுதும்போது மைதீன் பிச்சையின் முகம் அவர் மனதில் இருந்தது என்பதை அவர் பிற்பாடு தானாகவே ஒத்துக்கொண்டார். எழுபத்தொரு வயசு ஆளுக்கு எப்படியும் இருபத்து மூணுக்கு மேல் வராது, கேள்வித் தொல்லை ஒழியும் என்று ஒரு நப்பாசை.

அடுத்தது தயாரிப்பு. இயக்கம் வேறு காலனியில் நடத்திய சோதனையின் கேள்வித்தாள் ஒன்றை ராசப்பன் சம்பாதித்துவிட்டார். எப்படி என்பதைத் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவரிடம் கேட்பது மரியாதை இல்லை. அதை வைத்து மாதிரி வினா விடை எழுதி, நூற்றுப் பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்து, மன்றத்தில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு ஆரம்பித்தார். முகாம் நாள் ஆகஸ்ட் பத்து. ஆகவே ‘இன்றைய தேதி?’ என்ற கேள்விக்கு ஜூலை இருபத்தெட்டு அன்றே எல்லோரும் "ஆகஸ்ட் பத்து, ஞாயிற்றுக்கிழமை" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ‘நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி’ என்றால் தொண்ணூற்று மூணு, எண்பத்தாறு என்று வாய்ப்பாடு மாதிரி ஓடியது. நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டிய மூன்று சொற்கள் மல்லி, பேருந்து, தேங்காய். சொல்வதற்கு முன்பே திருப்பிச் சொல்லும் அளவுக்கு மன்றம் முன்னேறியது.

செயலாளர் மனைவி மார்க் குறைந்தால் மானம் போய்விடும் என்று பாவாத்தாளுக்கு வீட்டிலேயே தனி வகுப்பு. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்; அவர் ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பார்.

"மூணு சொல் என்ன?"

"மல்லி... பேருந்து..."

"மூணாவது?"

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? இன்னொருக்கா சொல்லுங்க."

மற்றவர்களுக்கு இரண்டு நாளில் மனப்பாடமானது அவளுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அடுப்பில் கவனம், வேறொன்றுமில்லை என்று ராசப்பன் முடிவு செய்தார். பதிமூன்றாம் நாள் அவள் மடமடவென்று ஒப்பித்ததும், தான் எப்பேர்ப்பட்ட ஆசிரியர் என்று தன்னையே மெச்சிக்கொண்டு இரண்டாவது டம்ளர் காபி கேட்டார்.

முகாம் நாளும் வந்தது. காலையிலிருந்து ஒவ்வொருவராக உட்கார்ந்து ஒப்பித்துவிட்டுப் பச்சை அட்டையோடு எழுந்தார்கள். பாவாத்தாளுக்கு முப்பதுக்கு முப்பது. மைதீன் பிச்சைக்கு இருபத்தொன்பது. கடிகாரம் வரையச் சொன்னதற்கு எதற்கு என்று கேட்டதில் ஒன்று போய்விட்டது. எல்லோரும் முடித்த பிறகு, கப்பல் தலைவன் கடைசியில் இறங்குவது மாதிரி, ராசப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சோதிக்க வந்த பெண் வர்ஷினி கேள்விக் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். "தாள் தீர்ந்துபோச்சுங்க ஐயா. அன்னூர் முகாமுக்கு வெச்சிருந்தது ஒண்ணு இருக்குது, அதுலயே கேக்கறேன்."

அவள் உட்கார்ந்திருந்தது ராசப்பனின் இடது பக்கம். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் மைக் செட்டில் ஒருவன் "ஹலோ, ஹலோ" என்று நாள் முழுக்க யாரையோ தேடிக்கொண்டிருந்தான்.

"தொண்ணூறுலருந்து ஏழு ஏழாக் கழிங்க ஐயா."

ராசப்பன் காதில் ‘நூறுலருந்து’ என்று விழுந்தது. தொண்ணூற்று மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று ஒரே மூச்சில் சொல்லி நிமிர்ந்தார். ஐந்து மார்க் போயிற்று. சற்று முன் அவள் சொன்ன மூன்று சொற்கள் கொக்கு, சாவி, கருப்பட்டி. அவர் மல்லி, பேருந்து, தேங்காய் என்று சொன்னார். மூன்று போயிற்று.

"நாம எந்தத் தளத்துல இருக்கறோங்க?"

"பார்வைக்குத் தரைத்தளம் அம்மணி. ஆனா அனுமதி வாங்கினது முதல் தளத்துக்கு. ஆவணப்படி நாம மேலதான் இருக்கறோம்."

ஒன்று போயிற்று.

"இந்தக் காகிதத்தை வலது கையில எடுத்து, ரெண்டா மடிச்சு, தரையில வைங்க."

எடுத்தார், மடித்தார். தரையில் வைக்க மட்டும் கை வரவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு காகிதத்தை அவர் தரையில் வைத்ததில்லை. மேலே தேதி போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்று.

"உங்க மனசுல வர்ற ஒரு வாக்கியம் எழுதுங்க ஐயா."

ராசப்பன் எழுதினார்: ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் கனிவான கவனம் ஈர்க்கப்பட்டு, மேற்படி பொருள் தொடர்பாக இம்மன்றத்தால் ஏற்கெனவே மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளின் தொடர்ச்சியாகவும், அதன் விளைவாகவும்...’ பக்கம் முடிந்துவிட்டது. வாக்கியம் முடியவில்லை. வர்ஷினி பாவம், கடைசிவரை வினைச்சொல்லைத் தேடிப் பார்த்தாள். ஒன்று.

முப்பதுக்குப் பத்தொன்பது. மஞ்சள் அட்டை.

பங்காரு மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே! நூத்திப் பன்னெண்டு பேர்ல நூத்திப் பதினோரு பேர் பச்சை! ஒரே ஒருத்தர் மஞ்சள். அவர் யாருன்னு பார்த்தா, உங்க செயலாளர்! இவ்வளவு நாளா நோயோடயே நிர்வாகம் பண்ணியிருக்கறார், உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை. இதுலருந்தே இந்த நோய் எவ்வளவு பயங்கரமானதுன்னு புரிஞ்சுக்கங்க!"

விஷயம் உறைக்க ராசப்பனுக்கு அரை நிமிடம் ஆயிற்று. மேடைக்கு ஓடினார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க! நான் நல்லாத்தான் இருக்கறேன்!"

பங்காரு கனிவோடு ஒரு துண்டறிக்கையை நீட்டினார். முதல் வரி: ‘அறிகுறி ஒன்று – தனக்கு ஒன்றும் இல்லை என்று வலியுறுத்துதல்.’

"மறுபடி சோதிங்க."

"ஆறு மாசம் ஆகோணுங்களே."

"அந்த விதியை எழுதினதே நான்தானுங்க!"

"அதையாவது ஞாபகம் வெச்சிருக்கறீங்களே," என்று பங்காரு அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "நல்ல அறிகுறி."

மைதீன் பிச்சை செயலாளரானார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் மறுத்ததை ராசப்பன் எழுதிய பதினெட்டாம் விதி அனுமதிக்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் ராசப்பனிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேசத் தொடங்கியது. சத்தமாகப் பேசியது காதுக்குச் சௌகரியம்தான். மெதுவாகப் பேசியதுதான் தாங்கவில்லை. மளிகைக் கடைக்காரர், "என்னைத் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாமானை எடுத்தார். சிங்காநல்லூரிலிருந்து மகள் இளவேனில் ஓடிவந்து, அழுது, மொபெட் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கதவுகளில் எல்லாம் சீட்டு ஒட்டினாள். ‘குளியலறை.’ ‘சமையலறை.’ ‘வெளியே போகும் கதவு – அப்பா போகக் கூடாது.’

முதல் வாரம் அவருக்குக் கோபம். இரண்டாவது வாரம் சந்தேகம். ஓர் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நின்றார். முன்பும் எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறார். அப்போதெல்லாம் அது வெறும் நிற்றல். இப்போது நோய். மறந்ததை எல்லாம் குறித்து வைக்க ஒரு நோட்டு வாங்கினார். நாலாம் நாள் நோட்டை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் உடம்பெல்லாம் வியர்த்துப்போய், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து பழைய தாசில்தார்கள் பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். பன்னிரண்டு பேர் வந்தார்கள். பதின்மூன்றாவது ஆள் வரவே இல்லை. ஒரு அட்டை ஒரு மனிதனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விடுமா என்று நினைத்தபோது, ஆபீசில் தான் எத்தனை பேர் கையில் எத்தனை அட்டை கொடுத்தோம் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அது மட்டும் மறக்கவில்லை.

விதிப்படி அவருடைய நினைவுத் துணைவர் பாவாத்தாள். கழுத்தில் பச்சை அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் அவள் கூட வந்தாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம், ராசப்பன் எப்போதும் பத்து எட்டு முன்னால் நடந்தே பழகியவர். இப்போது துணைவர் பக்கத்தில் வர வேண்டும் என்று விதி. முதன்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள்.

சேர்ந்து நடந்தால்தான் சிலது கண்ணில் படும். ஒவ்வொரு தெருமுக்கிலும் அவள் அரை எட்டுப் பின்வாங்கி, அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். மரியாதை என்று நினைத்தார். காய்கறிக்காரி ராமாமணியிடம் பத்து நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு, நாலு எட்டு தள்ளி வந்து, "அது யாருங்க?" என்றாள். வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தார். ஒரே வாரத்தில் மூன்று தடவை புளி வாங்கினாள். புளி கெட்டுப்போகாத சாமான், இருக்கட்டும் என்று நினைத்தார்.

நவம்பர் மாதம் ஒரு நாள் சந்தையிலிருந்து திரும்பும்போது யாரோ வழியில் நிறுத்தி, "அம்மா கையைப் புடிச்சுட்டே போங்கையா, தொலைஞ்சுபோயிருவீங்க," என்றார்கள். ராசப்பனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அதை அவள் மேல் இறக்கினார்.

"பச்சை அட்டை உன்கிட்டத்தான இருக்குது? இன்னிக்கு நீயே கூட்டிட்டுப் போ. நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவள் முக்கில் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"நீங்களே போங்க. நான் பொறகால வாரேன்."

"முடியாது. முப்பதுக்கு முப்பது வாங்கினவங்கதான் முன்னால போவோணும்."

அவள் நடந்தாள். வீட்டுக்கு எதிர்த்திசையில், மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்து. ராசப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நாளைக்கு மன்றத்தில் பேசப்போகும் பேச்சை நடந்தபடியே தயாரிக்கத் தொடங்கினார்: ‘முப்பதுக்கு முப்பது வாங்கியவர் வழி தவறினார், பத்தொன்பது வாங்கியவர் அதைக் கண்டுபிடித்தார்.’ மேற்கோள் ஒன்று சேர்க்கலாமா என்றுகூட யோசித்தார்.

பாவாத்தாள் ஒரு நீலக் கேட்டுக்கு முன்னால் நின்றாள். யாரோ முன்பின் தெரியாதவர் வீடு. கேட்டுக்கு உள்ளே கையை விட்டு, தங்கள் வீட்டுக் கேட்டில் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் துழாவினாள். அங்கே தாழ்ப்பாள் இல்லை. மறுபடியும் துழாவினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றாள்.

பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. ராசப்பன் மெல்லப் பக்கத்தில் போனார்.

"பாவாத்தா, இது நம்ம ஊடு இல்ல."

"தெரியுதுங்க. வந்த பொறவு தெரியுது."

"எத்தனை நாளா?"

"போன வருசத்துலருந்தேங்க. நீங்க பத்து எட்டு முன்னால போயிட்டே இருந்தீங்களா, எனக்கு வழி தேவைப்படலை."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்பங்க சொல்றது? சொல்லலாம்னு இருந்தப்பத்தான் பரிச்சை வந்துபோச்சு. நீங்க தெனமும் காயிதத்தை வெச்சுட்டு நின்னீங்க. உங்க கேடயம் போயிருமேன்னு, பாத்திரம் கழுவறப்பவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்."

பன்னிரண்டு நாள். அடுப்பில் கவனம் என்று நினைத்தாரே, அந்தப் பன்னிரண்டு நாள். கண்முன்னால் நின்ற நோயை, தானே பாடம் நடத்தி, ஒப்பிக்க வைத்து, பச்சை அட்டை வாங்கிக் கொடுத்து மறைத்த ஆசிரியர் அவர். இரண்டாவது டம்ளர் காபி வேறு.

மறுநாள் காலையிலேயே பாவாத்தாளோடு மன்றத்துக்குப் போய், அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். கேடய விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பங்காரு மேடை எங்கே போடுவது என்று பார்க்க வந்திருந்தார். பாவாத்தாளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று ராசப்பன் எழுதிக் கொடுத்த மனுவை அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சள் அட்டைக்காரர் மனுவுக்குத் துணைவர் கையெழுத்து வேணுங்களே."

"போட்டிருக்குதுங்க. பாவாத்தாள் கையெழுத்து."

"அதாவது, தனக்கு மறதி இருக்குதுன்னு அம்மாவே உறுதி சொல்றாங்க."

"ஆமாங்க."

பங்காரு பெருமூச்சு விட்டார். "யோசிச்சுப் பாருங்க. அம்மாவுக்கு மறதின்னா அவங்க பச்சை அட்டை செல்லாது. பச்சை செல்லலைன்னா துணைவர் கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்லலைன்னா உங்க மனு செல்லாது. மனு செல்லலைன்னா அம்மாவுக்கு மறதி இல்லை. விதியை யார் எழுதினாங்களோ, கொஞ்சமும் ஓட்டையே விடலை. கெட்டிக்காரருங்க."

"நான்தானுங்க எழுதினேன்," என்றார் ராசப்பன். அந்த ஒரு வினாடி, அவ்வளவு துக்கத்திலும், உள்ளே ஒரு மூலையில் லேசாகப் பெருமைப்பட்டதை நினைத்து அவர் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார்.

"அதுமட்டுமில்லீங்க," பங்காரு குரலைத் தாழ்த்தினார். "அம்மா முப்பதுக்கு முப்பது. விழாவுல அவங்களைத்தான் மேடைக்குக் கூப்பிடறதா இருக்கறோம். நோய் எங்கயுங்க போயிரப்போகுது? விழா முடியட்டும்."

மூலையில் உட்கார்ந்து வரவேற்புப் பலகைக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்த மைதீன் பிச்சை பேனாவை மூடினார்.

"ராசப்பண்ணா, அந்தக் காயிதத்தை மடிச்சுப் பையில போடுங்க. அம்மாவைக் கெளப்புங்க. நான் காரை எடுத்துட்டு வாரேன்."

"எந்த விதிப்படிங்க?" என்றார் பங்காரு.

"எனக்கு அறுபது வயசுல கண்ணுல பொரை விழுந்துச்சு. அப்ப ஆஸ்பத்திரிக்குப் போனன்ல, அந்த விதிப்படி."

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிஃபானா முதலில் ராசப்பனைத்தான் நோயாளி என்று நினைத்தாள். மஞ்சள் அட்டையை வாங்கிப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு விளக்கைப் பிடித்துக் காதைப் பார்த்தாள்.

"ஐயா, காதுக்குள்ள என்ன வெச்சிருக்கறீங்க?"

நர்ஸம்மா சொட்டு மருந்து விட்டு, ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சினார். பல வருடத்து அழுக்கு ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்து விழுந்தது. ராசப்பனுக்கு உலகம் திடீரென்று மிக அருகில் வந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. வரிசையில் யாரோ யாரையோ திட்டினார்கள். இவ்வளவு சத்தம் இத்தனை நாள் எங்கே இருந்தது!

"உங்க பதினோரு மார்க்குல பாதி இதுலதான் இருந்திருக்கும்," என்றாள் டாக்டர்.

"மீதிங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய மனுவை அவள் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். "மீதிக்கு எங்ககிட்ட மருந்து இல்லீங்க."

அப்புறம் பாவாத்தாளின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இன்னிக்கு என்ன தேதிங்க?"

"ஆகஸ்ட் பத்து. ஞாயித்துக்கெழமைங்க."

அன்று நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. "மல்லி, பேருந்து, தேங்காய்," என்று பாவாத்தாள் கேட்காமலேயே தொடர்ந்து, சரிதானே என்கிற மாதிரி ராசப்பனைப் பார்த்தாள். ராசப்பன் எழுந்து வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

டாக்டர் அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டாள். எப்போதிலிருந்து, எங்கே தடுமாறுகிறது, குழம்புக்கு உப்பு எப்படி, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று முக்கால் மணி நேரம் கேட்டாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று இன்னும் இரண்டு தடவை வரச் சொன்னாள். மூன்றாவது தடவை, எல்லாக் காகிதத்தையும் எதிரே வைத்துக்கொண்டு, பாவாத்தாளைப் பார்த்தே சொன்னாள்.

"ஆரம்பந்தானுங்கம்மா. முழுசா மாத்த முடியாது. மாத்திரையில கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். ஆனா இப்பவே வந்ததுல ஒரு நன்மை இருக்குது. எதெது எப்படி நடக்கோணும்னு நீங்களே சொல்லலாம். பொறவு மத்தவங்க சொல்ற மாதிரி ஆகிப்போகும்."

"அப்ப எல்லாரையும் சோதிக்கறது நல்லதுதானுங்களா?" மைதீன் பிச்சைக்கு அங்கேயும் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தடுமாற்றம் இருக்கறவங்க வரட்டும், ஊட்டுல சந்தேகப்படறவங்க கூட்டிட்டு வரட்டும். நல்லா இருக்கறவங்களைப் புடிச்சு உக்கார வெச்சுப் பரிச்சை வெச்சா, பாதிப் பேருக்கு இல்லாத நோய் வரும். இருக்கறவங்க மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவாங்க."

ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது எல்லாம் தெளிவாகக் கேட்டுத் தொலைத்தது.

இளவேனிலிடம் பாவாத்தாளே சொன்னாள். மகள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "கண்ணு, அந்தச் சீட்டையெல்லாம் கிழிச்சுராத. எனக்கு ஆகும். ‘அப்பா போகக் கூடாது’ மட்டும் எடுத்துப்போடு," என்றாள்.

கேடய விழா தள்ளிப்போகவில்லை. பங்காரு மேடையில், "முப்பதுக்கு முப்பது! நினைவுத் திருமகள் பாவாத்தாள் அம்மா!" என்று அழைத்தார். போக வேண்டாம் என்று ராசப்பன் கையைப் பிடித்தார். அவள் போனாள். மைக்கைப் பார்த்து அவளுக்குப் பயம் இல்லை. பயந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டாளோ என்னவோ.

"எனக்கு மறதிங்க," என்றாள். "ஊட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன், முப்பது வந்துச்சு. டாக்டரம்மா சும்மா பேச்சுக் குடுத்தாங்க, வெளிய வந்துபோச்சு. உங்கள்ல ஆருக்காச்சும் அப்படி இருந்தா, ஒளிச்சு வெக்காதீங்க. ஒளிச்சு வெக்கறதுக்கே பாதி உசுரு போயிருதுங்க."

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்று கைதட்டினார் பங்காரு. கேடயத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். முக்கால் ஆள் உயரக் கேடயத்தை அவளால் தூக்க முடியவில்லை. ராசப்பனும் மைதீன் பிச்சையும் ஓடிப்போய் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். உள்ளே பித்தளை இல்லை, பிளாஸ்டிக்தான், இருந்தாலும் கனத்தது.

அந்த வாரத்தில் மன்றத்தைச் சேர்ந்த நாலு பேர், தனித்தனியாக, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் ராசப்பன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நாலு பேருமே பச்சை அட்டை. ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் தைராய்டு, ஒருவருக்குச் சத்துக்குறைவு, இன்னொருவருக்கு வெறும் பயம். நாலாவது ஆளுக்கு உண்மையாகவே நோய். கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்காருவது ராசப்பனின் வேலையாயிற்று. இதற்கு ஒரு விதி எழுதலாமா என்று கை அரித்தது. மைதீன் பிச்சை பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பிப்ரவரியில் மறுசோதனைக்கு வரச் சொல்லி இயக்கத்திலிருந்து கடிதம் வந்தது. ராசப்பன் போகவில்லை. மன்றத்துப் பதிவேட்டில் அவர் இன்னும் மஞ்சள்தான்.

மார்ச்சில் ஒரு நாள் காலை, மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பாவாத்தாள் கேட்டாள், "ஏனுங்க, ஒரு நாள் நான் உங்களைப் பார்த்து நீங்க ஆருன்னு கேட்டுப்போட்டா என்ன சொல்லுவீங்க?"

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் என்று வாய்வரை வந்ததை ராசப்பன் விழுங்கினார். "பக்கத்து ஊட்டுக்காரர்னு சொல்லிருவேன். அப்பவாச்சும் திட்டாமப் பேசுவீல்ல."

அவள் சிரித்தாள். "பக்கத்து ஊட்டுக்காரருக்கு நான் எதுக்குங்க சோறு ஆக்கோணும்?"

"அதுவும் சரிதான்," என்று எழுந்த ராசப்பன், அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அரிசியை அளந்து களைந்தார். எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவளிடம் காட்டினார். அவள் உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் அரை டம்ளர் ஊத்துங்க," என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். சோறு நன்றாக வெந்திருந்தது.